உப்பளத்து லாவண்டர்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று சிலர் போன் செய்தீர்கள். நன்றி. உடம்புக்கு ஒன்றுமில்லை. மரக்காணம் பக்கம் ஒரு ஸ்கூல் ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு தோட்டம் திறந்து வைத்தார்கள். அந்தத் தோட்டத்துக்கு நான்தான் 'கௌரவ ஆலோசகர்'.

திரும்பி வந்து எழுத உட்கார்ந்தால் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தால் கோபம் வந்தது. ரெண்டும் அடங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது சொல்கிறேன். ஸ்கூல் பெயரை மட்டும் கேட்காதீர்கள். கேஸ் போடுகிற வசதி உள்ளவர்கள்.

ஆரம்பித்தது போன ஆடியில். ஸ்கூலின் தாளாளர் போன் செய்தார். தணிகாசலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரம்பரையாக உப்பளம் வைத்திருப்பவர். அளத்தின் ஒரு மூலையை மேடாக்கி ஸ்கூல் கட்டியவர். நல்ல மனிதர். சத்தமாகச் சிரிப்பார், சத்தமாகச் சாப்பாடு போடுவார், சத்தமாக முடிவெடுப்பார். அந்தக் கோடையில் குடும்பத்தோடு ஐரோப்பா டூர் போய் வந்திருந்தார். வேறென்ன வேண்டும்?

"மேடம், நீங்க பால்கனில ரோஸ்மேரி வளக்கிறதப் பத்தி எழுதினீங்களே, படிச்சேன். நம்ம ஸ்கூல்ல ஒரு மெடிட்டரேனியன் கார்டன் போடப் போறோம். டீச்சிங் கார்டன். இந்த ஏரியாவுலயே எவனும் போட்டதில்ல. நீங்க வந்தே ஆவணும்!"

ஒரு தொட்டி ரோஸ்மேரி வைத்திருந்தால் ஆலோசகர். ரெண்டு தொட்டி வைத்திருந்தால் துணைவேந்தராகவே ஆக்கியிருப்பார்.

போனேன். கூப்பிட்டு மரியாதை செய்தால் யார்தான் போகமாட்டார்கள்?

ஏ.சி. ரூம். முந்திரி, டீ, புரொஜெக்டர். சென்னையிலிருந்து ஒரு லேண்ட்ஸ்கேப் கன்சல்டன்ட் வந்திருந்தார். நிதின் என்று பெயர். முழங்காலில் கிழிந்த பேன்ட், அதைவிட விலையான ஷூ. சுவரில் படம் ஓட ஆரம்பித்தது. வெள்ளைச் சுவர். நீலக் கதவு. வயலெட் லாவண்டர் பூ. மறுபடி வெள்ளைச் சுவர். மறுபடி நீலக் கதவு. செடியைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"ஃபீல்தான் சார் முக்கியம். உள்ள நுழைஞ்சதுமே கிரீஸ்ல இருக்கற ஃபீல் வரணும்" என்றார் நிதின்.

ஜன்னலைப் பார்த்தேன். காம்பவுண்டுக்கு அந்தப்புறம் உப்புப் பாத்திகள் கண்ணைக் கூசின. அம்பாரம் அம்பாரமாக வெள்ளை. வெள்ளைக்கா இங்கே பஞ்சம்?

மூலையில் ஒரு பெண் கையைத் தூக்கினார், வகுப்பில் மாணவி தூக்குவது மாதிரி. பயாலஜி டீச்சர் பிலோமினா. கிளியனூரிலிருந்து ரெண்டு பஸ் மாறி வருபவர். கணவர் இல்லை. மகள் அதே ஸ்கூலில் ஏழாவது படிக்கிறாள். டீச்சர் பிள்ளை என்பதால் பாதி ஃபீஸ். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது.

"சார், டீச்சிங் கார்டன்னு சொல்றீங்க. என்ன டீச் பண்ணப் போறோம்?"



நிதின் லேப்டாப்பைப் பார்த்தார். தாளாளர் நிதினைப் பார்த்தார். நான் முந்திரியைப் பார்த்தேன்.

"அதான்மா... செடி, கொடி, இயற்கை. அதத் தனியா வேற டீச் பண்ணணுமா?" என்றார் தாளாளர்.

பிலோமினா விடவில்லை. எழுந்து, கையில் சாக்பீஸ் இருப்பதாக நினைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். அந்த மத்தியதரைக் கடல் பக்கத்து நாடுகளில் மழை குளிர்காலத்தில் பெய்யும். கோடை முழுக்கச் சொட்டு விழாது. அதைத் தாங்கத்தான் அங்கத்திய செடிகளுக்கு இலை சின்னதாக, தடிப்பாக, மேலே முடியோடு இருக்கும். வாசனை எண்ணெயும் அதற்குத்தான் — வெயிலைச் சமாளிக்க, மேய வருகிற ஆட்டை விரட்ட. பிள்ளைகள் இலையைக் கசக்கி மோந்து பார்த்தே இதைக் கற்றுக்கொள்ளலாம். பக்கத்திலேயே நம் உப்பளத்து வரப்பில் முளைக்கிற உமரியையும் வைக்கலாம். அதற்கும் தாகம்தான் பிரச்சினை. அது வேறு மாதிரி சமாளிக்கிறது. எல்லாவற்றையும்விட...

"மல்லி, வெந்தயம், சீரகம் — இதெல்லாமே அந்தக் கடலோரத்துல இருந்து வந்ததுதான் சார். பிள்ளைங்க கையாலேயே வெத போடலாம். மூணாம் நாளே வெந்தயம் முளைச்சிரும்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இது எனக்குத் தெரியாது. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தினமும் ரசத்தில் போட்டுக் கொதிக்க வைக்கிறோம். எந்த ஊர் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா?

தாளாளர் முகம் சுருங்கிவிட்டது. "கொத்தமல்லியா? ஏம்மா, கொத்தமல்லியத் தொறந்து வைக்கவா சீஃப் கெஸ்ட்டக் கூப்பிட முடியும்? காய்கறிக்காரன் கொசுறாக் குடுக்கறான் அத!"

"கோர் கான்செப்ட்டோட அது செட் ஆகாது மேம்" என்றார் நிதின்.

"அப்ப லாவண்டர்? அது இந்தக் காத்துக்கு நிக்குமா?" என்று கேட்டார் பிலோமினா. "முதல்ல நாலு தொட்டில வச்சு, ஒரு மழைக்காலம் பாத்துட்டு அப்புறம் தோட்டம் போடலாமே சார்."

தாளாளர் மேசையைத் தட்டினார். "ஏன் நிக்காது? அங்கயும் கடல், இங்கயும் கடல். அங்க குளிர்காலத்துல மழ, நமக்கு ஐப்பசி கார்த்திகைல மழ. ஒரே கிளைமேட்டு!"

"சார், அங்க மழை பேஞ்சா ஸ்வெட்டர் போடுவாங்க. நமக்கு மழை நின்ன மறுநிமிஷம் வேர்க்குது."

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. தாளாளர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார் — சத்தமாக. "நல்லாப் பேசறீங்க மிஸ். இனிமே நீங்கதான் கார்டன் இன்சார்ஜ். செடி நின்னா உங்களுக்குப் பேரு. நிக்கலன்னா..."

மிச்சத்தைச் சொல்லவில்லை. நம் ஊரில் வேலை கொடுக்கிற இடத்தில் யாரும் மிச்சத்தைச் சொல்வதில்லை. கேட்பவர்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

வெளியே வரும்போது கேட்டேன். "பயமா இல்லையா?"

"இருக்குதுங்க மேடம். ஆனா ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. படத்துல ஆலிவ்னு காட்டினாங்களே, எனக்கு அந்த ஒலிவ மரம் வரணும்னு ஆசை. சின்ன வயசுல இருந்து பைபிள்ல படிக்கிறேன். ஒலிவ மரம், ஒலிவ மலை, ஒலிவ எண்ணெய்... ஒரு இலையக்கூடத் தொட்டுப் பாத்ததில்ல. அது மட்டும் நின்னாப் போதும்."

நான் சிரிக்கவில்லை.

ஆவணியில் வேலை ஆரம்பம். அங்கே இருக்கும் மண் உப்பு மண். அதைத் தோண்டிப் போட்டுவிட்டு இரும்பை கிராமத்துப் பக்கத்திலிருந்து செம்மண் லாரி லாரியாக வந்து இறங்கியது. போர் தண்ணீரும் உப்பு என்பதால் டேங்கர் தண்ணீர். செடிகள் மலையிலிருந்து ஏ.சி. வண்டியில் வந்தன. அதாவது மண் ஓர் ஊர், தண்ணீர் ஓர் ஊர், செடி ஓர் ஊர். மரக்காணம் தன் பங்குக்கு வெயிலை மட்டும் கொடுத்தது.

பெற்றோருக்குச் சர்க்குலர் போனது. மீட்டிங்கில் ஓர் அப்பா எழுந்து, "வெஜிடேரியன் கார்டன்னு சொல்றாங்க, அதுல கீரை வருமுங்களா?" என்று கேட்டார். தாளாளர் அவருக்குப் பொறுமையாக விளக்கினார். விளக்கி முடித்ததும் அந்த அப்பா, "அப்ப கீரை வராதுங்களா?" என்றார்.

நடுவில் வைக்க ஒரு கிரேக்கப் பெண் சிலையும் செய்யச் சொல்லியிருந்தார்கள். படத்தில் இருந்த பெண்ணுக்கு உடை கொஞ்சம் குறைச்சல். பெற்றோர் ஒத்துக்கொள்ள மாட்டார்களே? பாண்டிச்சேரி சிற்பி சிமென்ட்டைக் குழைத்து, கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடி, தலையில் முக்காடும் போட்டுவிட்டார். மறுவாரம் போனால் சிலையின் காலடியில் ஒரு மெழுகுவத்தி. பக்கத்தில் கொஞ்சம் குங்குமம். நம் ஊரில் எந்தச் சிலையும் ரொம்ப நாள் அனாதையாக நிற்பதில்லை.

செடிகளும் நின்றன — புரட்டாசி வரைக்கும். லாவண்டரில் ஒன்றிரண்டு பூக்கூடப் பூத்தது. தாளாளர் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார். கீழே ஒரு வரி: 'இப்ப என்ன சொல்றீங்க மேடம்?'

ஐப்பசி பதில் சொன்னது.

மரக்காணத்து மழை உங்களுக்குத் தெரியும். ஒருநாள் சும்மா இருக்கும். மறுநாள் வானமே கவிழ்ந்துவிடும். கடலும் பாத்தியும் ரோடும் ஒரே நிறமாகிவிடும். அந்த மழையில் லாவண்டர் அடியிலிருந்து கறுத்தது. கையால் தொட்டால் வழவழவென்று வந்தது என்றார் பிலோமினா. மழை விட்டதும் உப்புக் காற்று. மீதியிருந்ததை அது பார்த்துக்கொண்டது.

ஒலிவ மரம் ஒவ்வோர் இலையாக உதிர்த்தது. பிலோமினா அதைச் சுற்றிக் குழி வெட்டித் தண்ணீரை வடித்தார். சாக்குப் போட்டுக் காற்றை மறைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில்கூட பஸ் பிடித்து வந்து பார்த்தார். கார்த்திகைக் கடைசியில் ஒருநாள் போன்.

"சுரண்டிப் பாத்தேன் மேடம். பட்டைக்கு உள்ள பச்சையே இல்ல."



நடந்ததைத் தாளாளரிடம் அப்படியே போய்ச் சொல்லியிருக்கிறார். அவரும் திட்டவில்லையாம். "பாத்துக்கலாம் மிஸ்" என்று மட்டும் சொன்னாராம். அதுதான் எனக்கு உதைத்தது. சத்தமாகப் பேசுகிற மனிதர் மெதுவாகப் பேசினால் ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

பொங்கல் லீவு முடிந்து ஸ்கூல் திறந்தது. தோட்டம் முழுக்க வயலெட். சும்மா தகதகவென்று. அத்தனையும் பிளாஸ்டிக். செத்துப்போன ஒலிவ மரத்தின் கிளைகளில் பிளாஸ்டிக் இலைகளைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். நாலு பிளாஸ்டிக் காய்கூட. நிதின் லீவிலேயே வந்து முடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஆறாம் வகுப்புப் பெண்கள் வழக்கம்போல அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். "மிஸ், மிஸ்! எல்லாம் பொழைச்சிட்டுது மிஸ்!" என்று ஓடி வந்தார்களாம்.

"அதுங்க மூஞ்சியப் பாத்து என்ன சொல்றதுன்னே தெரியல மேடம்" என்றார் பிலோமினா. நேராகத் தாளாளர் ரூமுக்குப் போயிருக்கிறார். அவர் சொன்னது இவ்வளவுதான்: "விழா முடியற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க மிஸ். சீஃப் கெஸ்ட் வரும்போது நீங்கதான் எக்ஸ்ப்ளெய்ன் பண்ணணும். பொண்ணு நம்ம ஸ்கூல்லதான படிக்குது?"

கடைசிக் கேள்வியை எவ்வளவு அக்கறையாகக் கேட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

மாசியில் விழா. சீஃப் கெஸ்ட் ஒரு ரிட்டயர்டு அதிகாரி. எந்தத் துறை என்று சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். மாலை, சால்வை, நாதஸ்வரம். என் பெயரையும் மைக்கில் சொன்னார்கள். ஆலோசகராம். கும்பிட்டு வைத்தேன்.

தோட்ட வாசலில் நுழைந்ததும் ஒரு வாசனை தூக்கியடித்தது. பெரிய ஹோட்டல் பாத்ரூமுக்குள் நுழைந்த மாதிரி. சிலைக்குப் பின்னால் வாட்ச்மேன் ஒரு டப்பாவை வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டிருந்தார். லாவண்டர் ரூம் ஸ்பிரே. பூவுக்கே அதன் வாசனையை வெளியிலிருந்து வாங்கி அடிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

ரிப்பன் வெட்டியாயிற்று. சீஃப் கெஸ்ட் லாவண்டர் பாத்தி முன்னால் நின்றார். பக்கத்தில் பிலோமினா. புதுப் புடவை, வெளுத்த முகம். பின்னால் ஆறாம் வகுப்பு வரிசையாக. அவர்கள் கண் முழுக்க மிஸ் மேலேயே.

சீஃப் கெஸ்ட் குனிந்தார். மூச்சை இழுத்தார். "ஆகா! என்ன வாசனை! ஏம்மா, இந்தச் செடிக்கு எதுக்கு இவ்ளோ வாசனை?"

என்ன ஒரு கேள்வி! அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தானே அந்தப் பெண் ஆடியிலிருந்து காத்திருந்தார்? எண்ணெய், வெயில், ஆடு எல்லாம் நாக்கு நுனியில் இருந்திருக்கும். சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

பிலோமினா ஒரு முறை திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தார்.

"செடிக்கு வாசனை இல்லங்க சார். அது இப்ப அடிச்ச ஸ்பிரே. இது பிளாஸ்டிக். நெஜச் செடி ஐப்பசி மழையில அழுகிப் போச்சு."

பட்டாசுக் கடைக்குள் யாரோ பீடி பற்ற வைத்த மாதிரி எல்லோரும் ஓர் அடி பின்வாங்கினார்கள். தாளாளரின் சிரிப்பு முகத்திலேயே உறைந்து நின்றது. நான் என் செருப்பைப் பார்த்தேன். ஆலோசகர் வேறென்ன செய்வார்?

சீஃப் கெஸ்ட் ஒரு பூவைப் பிடித்து இழுத்தார். வளைத்தார். நகத்தால் கீறினார்.

"பிளாஸ்டிக்கா? அட! தத்ரூபமா இருக்கே! தணிகாசலம், எங்கய்யா வாங்கின? எங்க வீட்டு பால்கனில எத வச்சாலும் செத்துப் போவுது. இது எத்தினி வருஷம் வரும்?"

பிலோமினாதான் சொன்னார்.

"மக்கவே மக்காது சார். நமக்கெல்லாம் அப்புறமும் இருக்கும்."

"அப்படிப் போடு!" என்று கைதட்டினார் சீஃப் கெஸ்ட். சுற்றி நின்றவர்களும் கைதட்டினார்கள். தண்ணீர்ச் செலவு இல்லை, உரம் இல்லை, ஆள் இல்லை — எதிர்காலத்தின் தோட்டம் இதுதான் என்று மேடையில் பேசினார். தாளாளருக்கு உயிர் வந்தது. விஷயமே தன் ஐடியாதான் என்கிற மாதிரித் தலையாட்டினார்.

யோசித்துப் பார்க்கிறேன். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று நாம் எவ்வளவு பயப்படுகிறோம்! வேலை போகும், மானம் போகும், பிள்ளை படிப்பு போகும் என்று ராத்தூக்கம் கெட்டுக் கிடக்கிறோம். இவ்வளவையும் தாண்டி ஒருத்தி தைரியமாகச் சொன்னால்... கேட்பவர் கடை அட்ரஸ் கேட்கிறார். உண்மைக்கு இதைவிட அவமானம் உண்டா?

எல்லோரும் சாப்பாட்டுப் பந்தலுக்குப் போனார்கள். பிலோமினா போகவில்லை. ஆறாம் வகுப்பைக் கூட்டிக்கொண்டு கட்டடத்துக்குப் பின்பக்கம் நடந்தார். நானும் பின்னால் போனேன். அங்கே சன்ஷேடுக்குக் கீழே, உடைந்த பழைய சிமென்ட் தொட்டிகளில், அவரும் பிள்ளைகளும் வைத்த செடிகள். முதல் மீட்டிங் முடிந்த மறுவாரமே ஆரம்பித்தாராம். எனக்குக்கூடச் சொல்லவில்லை. கொத்தமல்லி தளதளவென்று. வெந்தயம். மழையில் உள்ளே தூக்கி வைத்துக் காப்பாற்றிய ஒரே ஒரு ரோஸ்மேரி. ஒரு தொட்டியில் உப்பு மண், அதில் கொழுத்த உமரி. சீரகத் தொட்டி மட்டும் காலி.

"அது வரல. ஏன் வரலன்னு எனக்கும் தெரியல. இன்னொரு வாட்டி போட்டுப் பாப்போம்" என்று பிள்ளைகளிடமே சொன்னார். பிறகு, "ஆளுக்கு ஓர் இலை கசக்குங்க. மோந்து பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார்.

ஒருத்தி ரோஸ்மேரியை மோந்துவிட்டு, "தைலம் மாதிரி இருக்குது மிஸ்" என்றாள். ஒருத்தி உமரியைக் கடித்தே பார்த்துவிட்டு, "உப்பு!" என்று துப்பினாள். இன்னொருத்தி கொத்தமல்லியைக் கசக்கினாள். கையை மூக்கில் வைத்தாள். கண் விரிந்தது. "மிஸ்... இது எங்க ஊட்டு ரசம் மிஸ்! இதுவா அந்த ஊரு?"

"இதுவும் அந்த ஊருதான்" என்றார் பிலோமினா. அன்றைக்கு அவர் முதல்முறையாகச் சிரித்தது அப்போதுதான்.

பந்தலில் பாயசம் தீர்ந்துவிட்டிருந்தது. பரவாயில்லை.

திங்கட்கிழமை முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. சீஃப் கெஸ்ட் சிரித்துவிட்டார், சரி. தாளாளர் சும்மா விடுவாரா? சாயங்காலம் நானே போன் செய்தேன். பஸ்ஸில் இருந்தார் போலிருக்கிறது, ஹாரன் சத்தம்.

"கூப்பிட்டாருங்க மேடம். 'பெரியவரு முன்னாடி என் மூக்க அறுத்துட்டீங்க'ன்னாரு. பிள்ளைங்க முன்னாடி பொய் சொல்ல வரல சார்னு மட்டும் சொன்னேன்."

"அப்புறம்?"

"ரொம்ப நேரம் ஃபேனையே பாத்துட்டு இருந்தாரு. அப்புறம், போங்கன்னாரு. வேலைய விட்டு எடுக்கல. கார்டன் இன்சார்ஜ்ல இருந்து மட்டும் எடுத்துட்டாரு."

தண்டனையாம்! எனக்கு நிம்மதியில் சிரிப்பே வந்துவிட்டது. "பின்பக்கத்துத் தொட்டியெல்லாம்?"

"அது இருக்கட்டும்னுட்டாரு. ஆனா விசிட்டர்ஸ் கண்ணுல படக்கூடாதாம்."

"சரி, புது இன்சார்ஜ் யாரு? கெமிஸ்ட்ரியா?"

"டிராயிங் மாஸ்டர் மேடம்."

"அவருக்கும் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"வெயில்ல வயலெட் வெளுத்துட்டு வருதுங்க. கோடைக்குள்ள ரெண்டு கோட்டிங் குடுக்கணுமாம்."